எட்டி நின்று ஏவும் கருவி



சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில், வெள்ளக்கடை என்னும் ஊர் இருக்கிறது. காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும் சூழ்ந்த இடம். பணி ஓய்வுக்குப் பின் நான் அங்கே வசித்து வருகிறேன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காப்பியும் அன்று; மிளகும் அன்று. அவ்வூர் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே, பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தச் சிறு கருவிதான் என் பொருள்.

தொலையியக்கி என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் அப்பெயரைத்தான் வழங்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் எழுத்தறியாத பாட்டிமாரும் அதை ரிமோட் என்றே சொல்லுகிறார்கள். பழுதான கருவியைக் கையில் ஏந்தி வருகிறவரிடம் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தால் கருவி திருந்தாது. ஆகையால் நானும் ரிமோட் என்றே சொல்லிவிடுகிறேன்.

இச்சிறு கருவியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசவும் வேண்டுமோ என்று சிலர் எண்ணலாம். எங்கள் ஊர் நிலைமையைக் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2006-ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரை, மாநிலமெங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. மலைக் கிராமங்களுக்கும் அவை வந்தன. படக்குழாய் கொண்ட அப்பெட்டிகளில் சில இன்னும் பழுதின்றிப் படம் காட்டுகின்றன. ஆனால் காலம் மாறிவிட்டது. அந்நாளில் கேபிள் கம்பியை நேரே பெட்டியில் செருகினால் போதும். இப்போதோ நடுவே ஒரு செட்டாப் பாக்ஸ் வந்து அமர்ந்திருக்கிறது. அதிலிருந்து படத்தைப் பெறுவதற்குப் பழைய பெட்டியை 'ஏ.வி.' என்னும் நிலைக்கு மாற்ற வேண்டும். பெட்டிகள் பலவற்றில் அந்தப் பொத்தான் முகப்பில் இல்லை. ரிமோட்டில் மட்டுமே உண்டு. எனவே ரிமோட் நின்றுவிட்டால், உயிரோடிருக்கும் பெட்டி நீல நிறத்தைக் காட்டிக்கொண்டு வாய்மூடி நிற்கும். "வாத்தியாரய்யா, டிவி போயிடுச்சு" என்று வருவார்கள். உண்மையில் போனது ஒரு ரூபாய்ப் பெறுமான உறுப்பாக இருக்கும். அது தெரியாமையால், நல்ல பெட்டி எடைக்குப் போய்விடுகிறது.

ஒரு கருவியைப் பழுது பார்க்கப் புகுவோருக்கு அதன் வரலாறு எதற்கு என்று கேட்போர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரிமோட்டுக்குள் இன்று நாம் காணும் ஒவ்வோர் ஏற்பாடும், முன்னொரு காலத்தில் யாரோ பட்ட தொல்லைக்கு விடையாக வந்து சேர்ந்தது. தொல்லை இன்னதென்று அறிந்தால் உறுப்பின் வேலை விளங்கும். வேலை விளங்கினால் பழுது எங்கே என்று தேடும் வழியும் விளங்கும்.

எட்டி நின்று ஒன்றை ஏவும் கலையின் தொடக்கத்தில் நம் நாட்டவர் ஒருவர் நிற்கிறார். 1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவரைக் கடந்து சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். கம்பி ஏதும் இடையில் இல்லை. மூன்றாண்டு கழித்து, 1898-இல், நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கரையில் நின்றபடியே அதைத் திருப்பிக் காட்டினார். அவ்விருவர் கையிலும் இருந்தது வானொலி அலையே என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். இக்கதையில் வானொலி திரும்பத் திரும்ப வரப்போகிறது.

இது வீட்டுக்குள் வந்ததும் வானொலியின் வழியாகத்தான். 1939-இல் அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் வானொலிப் பெட்டியோடு ஒரு மரப்பேழையை விற்றது. அதன் தலையில் பழைய தொலைபேசியில் இருந்ததைப் போன்ற சுழல்வட்டு. உள்ளே ஒரு வால்வும் பாட்டரியும். வட்டைச் சுழற்றி விட்டால் அது திரும்பி வரும்போது எண்ணிக்கையான துடிப்புகளை அலையாக அனுப்பும். வானொலிப் பெட்டி அவற்றை எண்ணிப் பார்த்து, கேட்ட நிலையத்தை வைக்கும். தொலைக்காட்சியைப் பலரும் கண்ணாலும் பாராத காலத்திலேயே ரிமோட் பிறந்துவிட்டது! ஆனால் வானொலி அலைக்குச் சுவர் தடையன்று. என் பேழையின் கட்டளை அடுத்த வீட்டுப் பெட்டிக்கும் எட்டிவிடலாம் அன்றோ? அதற்காகப் பேழைகளை வெவ்வேறு அலைவெண்களில் வைக்க வேண்டியிருந்தது. இதுவே முதல் தொல்லை.

தொலைக்காட்சிக்கு ரிமோட் வந்த வரலாறு அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தைச் சுற்றியே நடக்கிறது. 1950-இல் அவர்கள் வெளியிட்ட 'லேஸி போன்ஸ்' கம்பியால் இணைந்தது. நடுக்கூடத்தில் கிடந்த அக்கம்பியில் கால் தடுக்கி விழுந்தவர்கள் பலர். ஜெனித்தின் தலைவரான மெக்டொனால்டுக்கு விளம்பரங்கள் என்றாலே வெறுப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்தே விளம்பரத்தின் வாயை அடைக்க ஒரு வழி வேண்டும் என்று தம் பொறியாளர்களை அவர் முடுக்கினார். நம் காலத்தில் அவர் வாழ்ந்திருந்தால் நாள் முழுதும் ரிமோட்டைக் கையிலிருந்து வைத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

1955-இல் யூஜின் பாலி என்னும் பொறியாளர் 'ஃப்ளாஷ்-மேட்டிக்' என்ற கருவியை அமைத்தார். துப்பாக்கி வடிவில் ஒரு டார்ச் விளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள். ஒரு மூலையில் ஒளி பாய்ச்சினால் நிலையம் மாறும், மற்றொன்றில் பாய்ச்சினால் ஒலி அடங்கும். எளிய வழிதான். ஆனால் சாளரத்தின் வழியே வெயில் திரைமேல் விழுந்தால் பெட்டி அதையும் எசமானின் கட்டளை என்று கொண்டது! ஏவலாளின் குரலையும் ஊர்ச் சந்தடியையும் பிரித்தறிய முடியாத காவல்காரன் நிலை அதற்கு. இது இரண்டாவது தொல்லை. இதற்கான விடை இன்று நம் கையிலுள்ள ரிமோட்டுக்குள் இருக்கிறது, பின்னர் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டே, 1956-இல், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ராபர்ட் ஆட்லர் 'ஸ்பேஸ் கமாண்ட்' என்னும் கருவியைத் தந்தார். என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுவே. காரணம், இதில் மின்சாரமே இல்லை. பாட்டரி கூடாது என்பது விற்பனைப் பகுதியாரின் கண்டிப்பு. பாட்டரி தீர்ந்துவிட்டால், பெட்டியே கெட்டுவிட்டது என்று வாங்கியவர் எண்ணிவிடுவார் என்று அவர்கள் அஞ்சினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வெள்ளக்கடையில் நான் நாள்தோறும் காண்பதைச் சிகாகோவில் அவர்கள் முன்னரே கண்டுகொண்டார்கள் போலும்!

ஆட்லர் என்ன செய்தார் தெரியுமா? கிராமப் பள்ளிகளில் மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அதை இரும்பால் தட்டினால் தனக்குரிய ஓசையைத் தரும்; துண்டு சிறிதானால் ஓசையின் சுருதி ஏறும். ஆட்லர் விரலளவு நீளமுள்ள அலுமினியத் தண்டுகள் நான்கை எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி தண்டின் முனையில் தட்டும். தண்டு விநாடிக்கு ஏறக்குறைய 40,000 முறை அதிரும். மனிதச் செவி 20,000-க்கு மேல் கேளாது. ஆகையால் வீட்டாருக்குச் சுத்தியின் 'டிக்' என்னும் ஓசை மட்டுமே கேட்கும். பெட்டியிலுள்ள ஒலிவாங்கிக்கோ நான்கு தண்டுகளின் நான்கு சுருதிகளும் தனித்தனியே கேட்கும். அமெரிக்கர்கள் ரிமோட்டை 'கிளிக்கர்' என்று அழைத்தது இவ்வோசையால்தான்.

இந்தப் பழங்கருவிகளைச் சேகரிப்போர் உலகில் இன்றும் இருக்கிறார்கள். அதைச் சோதிப்பது வேடிக்கையானது. மல்டிமீட்டருக்கு அங்கே வேலை இல்லை. வௌவால்களை ஆராய்வோர் வைத்திருக்கும் மீயொலி வாங்கியை அருகில் பிடித்தால் தண்டு பாடுகிறதா என்று தெரிந்துவிடும். பாடாவிட்டால், தண்டைத் தாங்கும் பிடியில் அழுக்கு அடைத்திருக்கும். அல்லது சுத்தி தட்டியபின் விலகாமல் தண்டின்மேலேயே படிந்திருக்கும். மணியைத் தட்டிவிட்டு அதைக் கையால் பிடித்துக்கொண்டால் எப்படி ஒலிக்கும்? சுத்தியின் வில் சரியானால் கருவி சரியாகிவிடும்.

இந்தக் கருவிக்கும் குறை உண்டு. நாணயங்கள் குலுங்கினாலும், சாவிக்கொத்து விழுந்தாலும் பெட்டி சில வேளைகளில் தானே நிலையம் மாற்றியது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தபோது, தண்டுகளுக்குப் பதில் மின்சுற்றே மீயொலியை எழுப்பியது. அவ்வகை சுமார் 25 ஆண்டுகள் நிலைத்தது. ஆட்லரும் பாலியும் 1997-இல் இதற்காக எம்மி விருது பெற்றார்கள்.

மீயொலியை வெளியேற்றியது பொத்தான்களின் பெருக்கம். 1974-இல் பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 'சீஃபாக்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சித் திரையிலேயே எழுத்தாலான செய்திப் பக்கங்களை வழங்கத் தொடங்கியது. பக்க எண்ணைச் சொல்ல ஒன்று முதல் பூச்சியம் வரை பொத்தான்கள் வேண்டும். நான்கைந்து சுருதிகளால் அவ்வளவையும் சொல்ல முடியுமா? அப்போது பொறியாளர்கள் மீண்டும் ஒளியை நாடினார்கள். ஆனால் இம்முறை கண்ணுக்குத் தெரியாத ஒளியை.

அந்த ஒளி புதிதன்று. 1800-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த வண்ணப் பட்டையில் சிவப்புக்கு அப்பால், இருளாகத் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்து, அங்கே வெப்பம் மிகுந்திருப்பதைக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் என்று பாடநூலில் படிக்கிறோமே, அது இதுதான். 1961-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கூடத்தில் பையார்ட், பிட்மன் என்னும் இருவர், காலியம் ஆர்சனைடு படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் இக்கதிர் வெளிப்படுவதைக் கண்டார்கள். ரிமோட்டின் மூக்கில் மிளகளவு விளக்கு ஒன்று இருக்கிறதே, அது அப்படிகத்தின் வழிவந்தது. பெட்டியின் பக்கம் ஒளியை உணர்ந்து மின்சாரத்தால் விடை சொல்லும் படிகம் உண்டு. அவ்வினத்துக்கு மூதாதை, போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கலீனாப் படிகக் கருவி. அகச்சிவப்புக் கதிர் சுவரைக் கடவாது. ஆகவே அடுத்த வீட்டாரோடு வழக்கும் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தொலைக்காட்சி ஒரு சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் வந்தது. வண்ணம் 1982-இல். சென்னையிலேயே சாலிடேர், டயனோரா என்னும் பெயர்களில் பெட்டிகள் செய்தார்கள். ஆனால் அக்காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ரிமோட் இல்லை. விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ரிமோட்டுக்கு வேலை இல்லாமை. ஒளிபரப்பும் நிலையமே ஒன்று; அதையும் மாலையில் திறந்து இரவில் மூடினார்கள். மாற்றுவதற்கு வேறொன்று இருந்தாலன்றோ மாற்றும் கருவி வேண்டும்? ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வீட்டின் கடைக்குட்டிப் பையன் இருந்தான். 1991-க்குப் பின் விண்கோள் வழியே அயல்நாட்டு நிகழ்ச்சிகள் வந்தன. 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடியது. பன்னிரண்டு நிலையங்களுக்கு மேல் இடமில்லாத திருகு குமிழ்கள் தோற்றுப்போயின. ரிமோட் நம் வீடுகளுக்கு வந்தது நிலையங்கள் பெருகியதால்தான். சோம்பலால் வந்தது என்று பழிப்பது நியாயமாகாது.

இனி, வெயிலின் தொல்லைக்கு விடை என்னவென்று முன்பு நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய உண்டு. ஆனால் வெயில் ஒரே சீராக விழுவது. நம் மின்விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவது. ரிமோட்டின் விளக்கோ விநாடிக்குச் சுமார் 38,000 முறை மின்னி அணைகிறது. பெட்டியின் கண் அந்த வேகத்தில் மின்னும் ஒளியை மட்டும் ஏற்று, மற்றவற்றை ஒதுக்கிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் விளக்குகள் எரிந்தாலும், நமக்கென்று விட்டு விட்டு அசைக்கப்படும் ஒரு டார்ச்சை நாம் கண்டுகொள்வதில்லையா?

அந்த மின்னலைக் கொத்துக் கொத்தாக விட்டு விட்டு அனுப்பினால் தந்திக் குறிபோல் செய்தி உருவாகும். நம் நாட்டுத் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆயினும் வீட்டுக்கு வீடு இன்னும் தந்தி அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்! ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வகுத்த முறை மிகப் பரவலானது. அதில் ஒரு கட்டளைக்கு 32 குறிகள். முதலில் இன்ன பெட்டிக்கு என்னும் முகவரி. பிறகு அதே முகவரி தலைகீழாக. அதன்பின் இன்ன வேலை என்னும் கட்டளை. மீண்டும் அதுவும் தலைகீழாக. நேரும் தலைகீழும் ஒத்துவந்தால்தான் பெட்டி கீழ்ப்படியும். வகுப்பில் சொல்வதெழுதும்போது இரண்டுமுறை சொல்லும் ஆசிரியரின் முன்யோசனை இது. இவ்வளவும் ஒரு விநாடியின் பத்திலொரு பங்குக்குள் முடிந்துவிடும். பிலிப்ஸ் நிறுவனத்தின் முறை வேறு: அதில் 14 குறிகள்தாம், மின்னலின் வேகமும் விநாடிக்கு 36,000.

இந்த 38,000 என்னும் எண் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வானொலி மறுபடியும் வருகிறது. நீங்கள் எந்த மத்திய அலை நிலையத்தைக் கேட்டாலும், உங்கள் பெட்டி அந்நிலையத்தின் அலையை உள்ளே ஒரே அலைவெண்ணுக்கு மாற்றிக்கொண்டுதான் பெருக்குகிறது. 1918-இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் முறை இது. அவ்வலைவெண் பெரும்பாலான பெட்டிகளில் 455 கிலோஹெர்ட்ஸ். உலகெங்கும் கோடிக்கணக்கான வானொலிகள் இவ்வெண்ணைக் கொண்டமையால், அதற்கேற்ற பீங்கான் அதிர்வுத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. ரிமோட் செய்தவர்கள் அத்துண்டையே எடுத்து நாடித்துடிப்பாக வைத்துக்கொண்டார்கள். 455-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 38 வரும். பிலிப்ஸ் முறையில் 432 கிலோஹெர்ட்ஸ் துண்டு. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 36.

ஆகவே பழைய ரிமோட்டைச் சோதிக்கும் சிறந்த கருவி எது என்பதை நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். அது இப்போது உங்கள் எதிரில் பேசிக்கொண்டிருக்கும் பெட்டி. மத்திய அலையில், நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். ரிமோட்டை வானொலியோடு ஒட்டிப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். 'ட்ர்ர்ர்' என்று விட்டு விட்டு ஒரு கரகரப்புக் கேட்டால் பாட்டரி, பொத்தான், சில்லு, அதிர்வுத் துண்டு ஆகிய நான்கும் பெரும்பாலும் சரியென்று கொள்ளலாம். பிறகும் பெட்டி பணியவில்லை என்றால், குறை விளக்கிலோ அதை எரிக்கும் டிரான்சிஸ்டரிலோ இருக்கும். கரகரப்பே எழாவிட்டால் குறை முன்சொன்ன நான்கில் ஒன்றில். பொத்தானைத் தொடாதபோதும் கரகரத்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு பொத்தான் அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ரிமோட் ஒரு வாரத்தில் பாட்டரியைத் தின்றுவிடும்.

விளக்கைப் பார்க்க வேறொரு வழி உண்டு. கைபேசியின் படப்பிடிப்புக் கண்ணுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் ஓரளவு தெரியும். ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெண்மையோ ஊதாவோ கலந்த ஓர் ஒளி மினுக்கும். சில கைபேசிகளின் பின்கண்ணில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்கண்ணால் பார்ப்பது நல்லது. செவிக்கு வானொலி, கண்ணுக்குக் கைபேசி. இவ்விரண்டும் இருந்தால், திருப்புளியை எடுப்பதற்கு முன்னரே பழுது எந்தப் பாதியில் என்று சொல்லிவிடலாம்.

பழுதுகளில் முதலிடம் பாட்டரிக்கு. மலைக் கடைகளில் மலிவான துத்தநாகக் கட்டைகள்தாம் மிகுதி. அக்கட்டையின் துத்தநாக உறையே மின்சாரம் தரத்தரக் கரைந்துகொண்டு போகும். கரைந்து துளை விழுந்தால் உள்ளிருக்கும் உப்புக்குழம்பு கசிந்து, சுருள்வில்லை அரிக்கும். அதை ஈரத் துணியால் துடைத்து உலர்த்தி, துருவை மெல்லச் சுரண்ட வேண்டும். விலை கூடிய ஆல்கலைன் கட்டை கசிந்தால், அது காரம். எலுமிச்சைச் சாறு நான்கு துளி இட்டுத் துடைத்தால் போகும். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் வீட்டில் பயன்படும் இடம் இது. கட்டையைச் சோதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு: சும்மா அளந்தால் 1.5 வோல்ட் காட்டும் கிழட்டுக் கட்டை, ஒரு டார்ச் பல்பை எரியச் சொன்னவுடன் தளர்ந்துவிடும். வேலை கொடுத்து அளப்பதே அளவு.

அடுத்தது பொத்தான். ரப்பர்ப் பாயின் அடியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கரிப்பொட்டு உண்டு. அது பலகையின்மேல் பட்டு இரு தடங்களை இணைக்கிறது. நாளடைவில் ரப்பரிலிருந்து எண்ணெய்போல் ஒரு கசிவு ஊறிப் பொட்டை மூடிவிடும். ஒலிக்குரிய பொத்தான்களும், அணைத்து எரிக்கும் பொத்தானும் முதலில் போகும். பாயை எடுத்துச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பலகையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பிளேடால் சுரண்டுவோரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அழுக்கோடு கரியையும் எடுத்துவிடுகிறார்கள். பொட்டு அறவே தேய்ந்துபோனால், எறியப்பட்ட வேறொரு ரிமோட்டின் பயன்படாத பொத்தானிலிருந்து ஒன்றை வெட்டி ஒட்டலாம். மென்மையான பென்சிலால் கரி தீட்டினாலும் சில காலம் ஓடும். மூடியைத் திறப்பதற்குக் கத்தி ஆகாது. காலாவதியான வங்கி அட்டையை விளிம்பில் நுழைத்து நகர்த்தினால் உள்ளிருக்கும் கொக்கிகள் உடையாமல் விடும்.

மூன்றாவது, விழுந்ததால் வரும் பழுது. 455 என்று எண் பொறித்த அந்தப் பீங்கான் துண்டு உள்ளுக்குள் விரிந்துவிடும். அல்லது விளக்கின் கால் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போகும். இரண்டு கால்களே உள்ள அத்துண்டுக்கு வலம் இடம் என்ற பேதமில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை எப்படி வைத்துப் பற்றவைத்தாலும் சரி.

மக்கள் தாமே கண்ட மருத்துவங்களும் உண்டு. அவற்றை நான் இகழ்வதில்லை. கட்டைகளை விரலால் உருட்டினால் ரிமோட் வேலை செய்கிறது. முனையில் படிந்த துரு உரசிப் போவதே அதற்குக் காரணம். வெயிலில் காயவைத்தால் கட்டை உயிர் பெறுகிறது. வெப்பத்தால் உள்ளே வேதிவினை விரைகிறது, ஆனால் கசிவும் விரைந்து வரும். உள்ளங்கையில் ஓங்கித் தட்டினாலும் வேலை செய்கிறது. சுருள்வில் இடம் மாறித் தொடுகிறது. ஆனால் தட்டத் தட்டப் பீங்கான் துண்டுக்கு ஆயுள் குறையும். பிளாஸ்டிக் உறை போடுவதைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. சமவெளியில் புழுதிக்கும் சாம்பாருக்கும் அது காப்பு. எங்கள் மலையிலோ மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. உறைக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, சுருள்வில்லில் பச்சைக் களிம்பேற்றிவிடும். உறையின் அடிமுனையைக் கத்தரித்துவிடுங்கள் என்று நான் சொல்லுகிறேன். அப்படியே செய்வோரும் உண்டு. புதுக்கருவியின் உறையைக் கத்தரிக்க மனம் வராதவர்களும் உண்டு.

சில்லே எரிந்துபோன ரிமோட்டுக்கு இம்மருத்துவம் எதுவும் பலிக்காது. பழைய சில்லுகள் இப்போது கிடைப்பது அரிது. சந்தையில் விற்கும் பொது ரிமோட்டுகள் பல பெட்டிகளுக்குப் பொருந்துகின்றன, சிலவற்றுக்குப் பொருந்துவதில்லை. அதற்கு ஒரே வழி, ரிமோட் உயிரோடிருக்கும்போதே அதன் குறிகளைப் படித்து எழுதி வைத்துக்கொள்வதுதான். சேலத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், கண் போன்ற ஒரு வாங்கியையும் சிறு கணிப்பலகை ஒன்றையும் இணைத்துக் கொடுத்திருக்கிறார். அதன் எதிரே ரிமோட்டை அழுத்தினால் முகவரியும் கட்டளையும் எண்களாக வந்து நிற்கும். அகச்சிவப்பு விளக்கு உள்ள கைபேசிகளும் சில உண்டு. எழுதி வைத்த எண்களை அவற்றில் ஏற்றிவிட்டால், ரிமோட் போனபின்பும் பெட்டி பழைய குரலைக் கேட்டதுபோல் எழுந்து நிற்கும்.

இப்போது வரும் புதிய தொலைக்காட்சிகளின் ரிமோட்டுகள் பலவற்றில் அகச்சிவப்போடு புளூடூத் என்னும் வானொலி அலையும் சேர்ந்திருக்கிறது. பெட்டியை நோக்கி நீட்ட வேண்டியதில்லை; வாயால் சொன்னாலும் கேட்கும். போஸ் கல்கத்தாவில் தொடங்கிய இடத்துக்கே கருவி வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் அலைவெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அந்தப் பேச்சை உங்கள் மத்திய அலைப் பெட்டி வாங்கிச் சொல்லாது. நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பழைய ரிமோட்டுகளுக்கே உரியவை. வெள்ளக்கடையில் அவற்றின் குறிகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் பெட்டிவாரியாக எழுதி வருகிறேன். இதுவரை பதினொரு வகைப் பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏ.வி. பொத்தானின் எண்ணை முதல் வரியில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.